பழைய காருக்கு காம்பவுண்டு போடச் சொல்றதுக்கு முன்னாடி

ஆசிரியருக்கு வணக்கம்.

வாகனப் பக்கத்துல பழைய காரைப் புதுசு மாதிரி பளபளக்க வைக்கிறது எப்படின்னு வந்த கட்டுரையைப் படிச்சேன், எழுத்து நல்லாத்தான் இருக்கு, ஆனா அதுல சொன்ன முறை, அதாவது காம்பவுண்டுங்குற தேய்ச்சு எடுக்குற பசையை மெஷின்ல போட்டுத் தேய்க்கிறது, இப்போ ஷோரூம்ல இருந்து வர்ற வண்டிக்குத்தான் சரி, 50 60 வருஷ வண்டிக்கு அதையே செஞ்சா பளபளப்பு வர்றதுக்கு முன்னாடி அடியில இருக்குற பிரைமர் பூச்சு வந்துடும்.

இப்போ வர்ற கார்ல கலருக்கு மேல நிறமே இல்லாத கிளியர் கோட் ஒண்ணு இருக்கு, பஃபிங் மெஷின் தேய்க்கிறது அதைத்தான். அது பரவலா வந்ததே 1980கள்லதான். அதுக்கு முந்தின வண்டிங்கள்ல பெரும்பாலும் சிங்கிள் ஸ்டேஜ், கலரும் பளபளப்பும் ஒரே பூச்சுக்குள்ள. 1920கள்ல டூபான்ட் கம்பெனியோட டூகோங்குற லாக்கர் ரக பெயிண்ட் வந்தப்புறம்தான் வாரக்கணக்குல காய்ஞ்சுட்டிருந்த கார் பெயிண்ட் சீக்கிரம் காய ஆரம்பிச்சது, அந்த லாக்கர், எனாமல், அப்புறம் வந்த அக்ரிலிக் லாக்கர் எல்லாம் இந்த ரகம்தான். இதுல நீங்க தேய்ச்சு எடுக்குறது கலரையேதான். உங்க வண்டி எதுன்னு பாக்கணும்னா டிக்கி மூடி ஓரம் மாதிரி கண்ணுல படாத இடத்துல வெள்ளைத் துணியில மைல்டான பாலிஷைத் தொட்டு லேசா தேய்ங்க, துணியில கலர் ஏறுச்சுன்னா சிங்கிள் ஸ்டேஜ். நடுவுல யாராவது ரீபெயிண்ட் பண்ணியிருந்தா கிளியர் கோட் இருக்கவும் வாய்ப்பு உண்டு, அதனால வருஷத்தை மட்டும் வச்சு முடிவு பண்ணாதீங்க.

கட்டுரையில பெயிண்ட் கனம் அளக்குற கேஜ் பத்தி ஒரு வரி கூட இல்லாதது எனக்கு ஆச்சரியம்தான். கம்பெனி பெயிண்ட் மொத்தமே சுமாரா 100 மைக்ரான், ஒரு தாள் கனம், அதையும் முந்தின ஓனருங்க எத்தனை தடவை தேய்ச்சு எடுத்திருப்பாங்கன்னு யாருக்குத் தெரியும். ஒரு பேனல்ல மட்டும் திடீர்னு 400, 500னு காட்டுச்சுன்னா உள்ள பள்ளத்தை நிரப்புற பட்டி இருக்கோன்னு சந்தேகப்படணும். காந்தத்துல வேலை செய்யுற சாதா கேஜ் இரும்பு பாடிக்குத்தான், அலுமினியத்துக்கு வேற ரகம், ஃபைபர் பாடின்னா ஒலி அலையில அளக்குற அல்ட்ராசோனிக்.

சரி மங்கிப்போய் சுண்ணாம்பு மாதிரி இருக்குற பெயிண்ட்டை என்னதான் பண்றது? மொதல்ல நல்லா கழுவி களிமண் கட்டி மாதிரி இருக்குற க்ளே பார் போட்டு ஒட்டியிருக்குற அழுக்கை எடுங்க, க்ளே போடும்போது வழவழப்புக்கு லூப்ரிகண்ட் தாராளமா இருக்கணும், க்ளே கீழ விழுந்துச்சுன்னா தூக்கிப் போட்டுடணும். அதுக்கப்புறம் நேரா காம்பவுண்டுக்குப் போகாம, தேய்ச்சு எடுக்குற சரக்கு எதுவும் இல்லாத எண்ணெய்ப் பசையுள்ள கிளேஸ்ங்குற க்ரீமை டவல் மாதிரியான டெர்ரி துணியில கையால நல்லா பூசி ராத்திரி முழுக்க விட்டுடுங்க, காலையில துடைச்சுட்டுப் பாத்தா செத்துப்போச்சுன்னு நெனச்ச சிவப்போ கருப்போ கொஞ்சம் உயிர் வந்து நிக்கும். தேவைப்பட்டா இன்னொரு தடவை. அதுக்கு மேல போதலைன்னாதான் பாலிஷ், அதுவும் இருக்குறதுலயே மைல்டானது, ஒரு சின்ன இடத்துல டெஸ்ட் பண்ணிட்டு. மெட்டாலிக் சிங்கிள் ஸ்டேஜ்னா இன்னும் பயந்து கை வைக்கணும், அதுல மேலயே இருக்குற அலுமினியத் துகளைத் தேய்ச்சுட்டா கலர் திட்டுத் திட்டா மாறிடும், திரும்ப ஸ்ப்ரே பண்ணாம அதை சரி பண்ணவே முடியாது.

பழைய லாக்கர்ல முடி மாதிரி மெல்லிசா வெடிப்பு இருக்கும், அது பெயிண்ட்டோட ஆழம் வரைக்கும் போயிருக்கும், எந்த பாலிஷுக்கும் போகாது. அதுக்கு மேல காம்பவுண்டு போட்டா மாவு வெடிப்புக்குள்ள போய் வெள்ளை வெள்ளையா தெரியும், அதை எடுக்குற பாடு நாய்படாத பாடு. கட்டுரையில சொன்ன மாதிரி ஆல்கஹால் வச்சுத் துடைக்கவும் வேண்டாம், லாக்கர் அதுல இளகலாம்.

மெஷின்னா சுத்திக்கிட்டே ஆடவும் செய்யுற டூயல் ஆக்‌ஷன்தான் போதும், ஒரே அச்சுல சுத்துற ரோட்டரி கை பழகினவங்களுக்கு மட்டும், ஒரே இடத்துல நின்னா சூட்டுல பெயிண்ட் எரிஞ்சுடும். பானெட் மடிப்பு, கதவு ஓரம், ஃபெண்டர் வளைவு இங்கெல்லாம் பெயிண்ட் இயல்பாவே மெல்லிசு, பேடோட அழுத்தமும் அங்கதான் கூடும், அந்த இடத்தைக் கையாலயே பண்ணிடுங்க. டேப் ஒட்டிக்கலாம், ஆனா பசை கம்மியான டேப்பா பாருங்க, பழைய பெயிண்ட் டேப்போட உரிஞ்சு வந்துடும்.

எல்லாத்துக்கும் மேல ஒண்ணு. கண்ணாடி மாதிரி மின்னணும்ங்குற ஆசையே சில வண்டிக்குத் தப்பு. பழைய வண்டிங்களுக்கான உலக அமைப்பு ஃபிவாவோட டூரின் சாசனமே வண்டியைப் புதுசாக்குறதை விட இருக்குறதை அப்படியே காப்பாத்துறதுக்குத்தான் முதலிடம் கொடுக்குது. ஒரிஜினல் பெயிண்ட் கொஞ்சம் மங்கி நின்னா அதுக்கு மேல கார்னாபாங்குற பனை மெழுகுல செஞ்ச ஒரு வேக்ஸ் போட்டு விட்டுடலாம், என் கணக்குல அந்த வண்டிதான் அழகு.

அடுத்து குரோம் பாலிஷ் பத்தி வருதுன்னு போட்டிருக்கீங்க. எழுதுறவர்கிட்ட ஒண்ணு சொல்லிடுங்க, பழைய வண்டியில குரோம் மாதிரி தெரியுற பட்டை, கிரில் பல வண்டியில அனோடைஸ் பண்ணின, அதாவது மேல பாதுகாப்புப் படலம் ஏத்தின அலுமினியம், அதுக்கு மெட்டல் பாலிஷ் போடச் சொன்னாருன்னா மேல இருக்குற அந்தப் படலம் போயிடும், இந்தத் தடவை அச்சுக்குப் போறதுக்கு முன்னாடியே சரி பண்ணிடுங்க.

இப்படிக்கு,
பழைய கார் வச்சிருக்குற ஒரு வாசகர்