வரப்போரத்துப் புரதத்தைக் காட்டியவர்களுக்கு நன்றி

எங்கள் ஊர்ப் பால் கூட்டுறவுச் சங்கத்தாருக்கும், கால்நடை மருந்தக மருத்துவர் அம்மாவுக்கும், செக்குக்கார அண்ணனுக்கும், மேற்குத் தோட்டத்துப் பெரியம்மாவுக்கும் வணக்கம்.

இந்தக் கோடையில் எங்கள் கறவை மாடுகள் மூன்றும் பால் வற்றாமல் தாங்கின. அதற்கு யார் யார் காரணம் என்று ஊரறியச் சொல்லத்தான் இந்த மடல். நேரில் சொன்னால், இதற்கெல்லாமா நன்றி என்று சிரித்துத் தட்டிக்கழித்துவிடுவீர்கள்.

சங்கத்தில் பால் பரிசோதிக்கும் தம்பியிடமிருந்து தொடங்குகிறேன். இதர சத்து, அதாவது பாலில் கொழுப்பும் தண்ணீரும் போக மிஞ்சும் சத்து, குறைந்தால் விலை குறையும். குறைந்த தொகையை எழுதி அட்டையை நீட்டுவதோடு அவர் வேலை முடிந்தது. ஆனால் அவர், “அக்கா, சில வாரமாக இறங்கிக்கொண்டே வருகிறது, தீவனத்தைக் கவனியுங்கள்” என்று சொல்லி, மருத்துவரையும் பார்க்கச் சொன்னார்.

மருத்துவர் அம்மா கொட்டகைக்கு வந்ததும் ஊசியை எடுக்கவில்லை. வைக்கோல் போரைத்தான் முதலில் பார்த்தார். வைக்கோலில் புரதம் 3, 4 சதவீதம்தான். மாடு தின்னும் மொத்தத் தீவனத்தில் புரதம் ஏறத்தாழ 7 சதவீதத்துக்குக் கீழே போனால், மாட்டின் முதல் இரைப்பையான பெருவயிற்றில் வாழும் நுண்ணுயிர்களுக்குத் தழைச்சத்து (நைட்ரஜன்) போதாது. அவை பெருகாவிட்டால் நார் செரிக்காது. நார் செரிக்காவிட்டால் வயிறு காலியாகாது. முன்னால் வைக்கோல் குவிந்து கிடக்க, மாடு இளைத்துக்கொண்டே போவது இதனால்தான். “முதலில் வயிற்றுக்குள் குடியிருப்பவர்களுக்குச் சோறு போடுங்கள், மாட்டை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள்” என்றார். அந்த நுண்ணுயிர்களே பிறகு குடலுக்குள் இறங்கிச் செரித்து, மாட்டுக்குப் புரதமாகின்றன என்பதையும் அவர் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன்.

பின்லாந்து நாட்டு விஞ்ஞானி விர்த்தனனைப் பற்றியும் அவர்தான் சொன்னார். 1945-இல் வேதியியல் நோபல் பரிசு பெற்றவர். 1960-களில், புரதமே இல்லாத தீவனத்தோடு யூரியாவையும் அம்மோனியம் உப்பையும் மட்டும் தழைச்சத்தாகக் கொடுத்து மாடுகளைக் கறக்கவைத்துக் காட்டினாராம். அவர் 1973-இலேயே காலமாகிவிட்டார். இருந்தாலும் அவருக்கும் ஒரு வரி நன்றி இங்கே இருக்கட்டும்.

தீவன மூட்டையின் சீட்டைப் படிக்கக் கற்றுக்கொடுத்ததற்கு மருத்துவர் அம்மாவுக்கு இன்னொரு நன்றி. அதில் போட்டிருக்கும் புரத அளவு, தழைச்சத்தை அளந்து 6.25-ஆல் பெருக்கி வருவது. யூரியாவில் 46 சதவீதம் தழைச்சத்து இருப்பதால், ஒரு கிலோ யூரியா அந்தக் கணக்கில் கிட்டத்தட்ட 2.9 கிலோ புரதமாகத் தெரியும். ஆகவே சீட்டில் 20 சதவீதம் என்றிருந்தால், அந்த 20 எதிலிருந்து வருகிறது என்று கேட்க வேண்டும். கேட்டபோது ஒரு வியாபாரிக்கு முகம் சுருங்கியது. கேட்டது நல்லதுதான்.

செக்குக்கார அண்ணன் மழைக்காலத்தில் பூசணம் பிடித்த கடலைப் பிண்ணாக்கை மலிவாகத் தள்ளிவிட்டிருக்கலாம். தள்ளவில்லை. “இதை மாடு தின்றால் நஞ்சு பாலில் வரும், அந்தப் பாலைக் குடிப்பது பிள்ளைகள்” என்று ஒதுக்கிவைத்தார். பருத்திப் பிண்ணாக்கையும் தேங்காய்ப் பிண்ணாக்கையும் கொஞ்சம் கலந்துகொள்ளச் சொன்னவரும் அவரே. காரணத்தை மருத்துவர் அம்மா விளக்கினார்: கடலைப் பிண்ணாக்கின் புரதத்தில் பெரும்பகுதி பெருவயிற்றிலேயே சிதைந்துவிடும், மற்ற இரண்டிலும் ஒரு பங்கு தப்பிச் சிறுகுடல் வரை போகும்.

பெரியம்மாவுக்கு எப்படி நன்றி சொல்வது என்றுதான் தெரியவில்லை. பிண்ணாக்கு விற்கும் விலையில் எல்லாப் புரதத்தையும் காசு கொடுத்து வாங்க எங்களால் முடியாது. அவர் மடியில் முடிந்து கொண்டுவந்த வேலிமசால் என்ற தீவனச் செடியின் விதைதான் எங்களைக் காப்பாற்றியது. விதை கல் மாதிரி இருக்கும். சுடுநீரில் சில நிமிடம் போட்டு எடுத்து, இரவு முழுவதும் பச்சைத்தண்ணீரில் ஊறவைத்தால்தான் முளைக்கும். விதைத்து 90 நாளில் முதல் அறுப்பு, பிறகு 40 நாளுக்கொரு தடவை அறுக்கலாம். இலையும் தண்டுமாக அதில் புரதம் 20 சதவீதத்தை ஒட்டி வரும். கம்பு நேப்பியர் புல் மூன்று பங்குக்கு இது ஒரு பங்கு என்று வெட்டிப் போடுகிறோம். வரப்போரத்து அகத்தித் தழையும் கிளிரிசிடியா மரத் தழையும் உடன் சேர்ந்துகொள்கின்றன.

யூரியா வைக்கோல் போட உதவிய பக்கத்து வீட்டு இளைஞர்களுக்கும் நன்றி. 100 கிலோ வைக்கோலுக்கு 4 கிலோ யூரியாவைத் தண்ணீரில் கரைத்துத் தெளித்து, மிதித்து, காற்றுப் புகாமல் மூன்று வாரம் மூடிவைக்க ஆள்பலம் வேண்டும். செய்து பார்க்க நினைப்பவர்கள் மருத்துவரிடம் நேரில் கேட்டுவிட்டுச் செய்யுங்கள். அளவு தப்பினால் யூரியா மாட்டைக் கொன்றுவிடும். சின்னக் கன்றுகளுக்கு இது ஆகாது.

கல்யாண மண்டபத்து மிச்சச் சோற்றை அன்போடு கொண்டுவரும் உறவினர்களுக்கும் நன்றி, ஆனால் இனிமேல் வேண்டாம். சோறு மிஞ்சினால் மாட்டின் வயிறு புளித்துப்போகிறது.

வேலிமசால் இந்த முறை நன்றாகக் காய்த்திருக்கிறது. விதை வேண்டுவோர் காலையில் சங்கத்துக்குப் பால் ஊற்ற வரும்போது என்னிடம் கேளுங்கள். பெரியம்மா எங்களிடம் காசு வாங்கவில்லை, நானும் வாங்கப்போவதில்லை.

இப்படிக்கு,
சங்கத்தின் பால் உற்பத்தியாளர்களில் ஒருத்தி,
நாமக்கல் மாவட்டம்