பக்கவாதம்னா வாய் கோணுறது மட்டும் இல்ல

ஆசிரியருக்கு வணக்கம்,

உங்க பேப்பர்ல வந்த பக்கவாதம் கட்டுரை நல்லா இருந்துச்சு, ஆனா வாய் கோணுறது, கை தூக்க முடியாம போறது, பேச்சு குழறுறதுன்னு இதோட நிறுத்திட்டீங்க. இதெல்லாம் பெரும்பாலும் மூளையோட நடு ரத்தக்குழாய் அடைச்சா வர்றது, அதுவும் இடது பக்கம்னா நிறைய பேருக்கு பேச்சே போயிடும். முன்பக்க குழாய்னா கையை விட கால்தான் அதிகமா விழும். பின்பக்கம் அடைச்சா கை கால் நல்லா இருந்தும் ரெண்டு கண்ணுலயும் ஒரே பக்கத்து பார்வை போயிடும், மனுசன் கண்ணாடி மாத்தணும்னு கிளம்பிடுவார்!

எனக்கு பயமே கழுத்து வழியா பின்னால ஏறுற குழாய்தான், திடீர்னு தலை சுத்தும், வாந்தி வரும், எல்லாம் ரெண்டு ரெண்டா தெரியும், நடந்தா தள்ளாடும், நம்மாளுங்க பித்தம்னு சொல்லி எலுமிச்சை ஜூஸ் குடுத்து படுக்க வெச்சிடுவாங்க, ஆரம்பத்துல சிடி ஸ்கேன்ல கூட இது தெரியாம போகலாம், எம்ஆர்ஐல பிடிபட சான்ஸ் அதிகம். குழாயை அடைச்ச ரத்தக்கட்டியை கரைக்கிற ஊசிக்கு, அறிகுறி ஆரம்பிச்சதுல இருந்து பொதுவா 4.5 மணி நேரம்தான் டைம். அடுத்த தடவை அறிகுறி படம் போடும்போது தள்ளாட்டத்தையும் பார்வையையும் சேர்த்து போடுங்க சார்.

- ஒரு வாசகர், திருச்சி