செயலாளர் ஆண்டறிக்கை 2024–25: ஜீப் ஏன் படுத்தது

தலைவர் அவர்களே, பொருளாளர் அவர்களே, டிராக்டரும் ஜீப்பும் அறுவடை மெஷினும் வைத்திருக்கும் உறுப்பினர்களே, ஓட்டுநர் தம்பிகளே, எல்லாருக்கும் வணக்கம்.

2024 ஏப்ரல் முதல் 2025 மார்ச் வரை நம் சங்கத்தில் நடந்தவற்றை வாசிக்கிறேன். மாதக் கூட்டங்கள் தவறாமல் நடந்தன. வரவு செலவைப் பொருளாளர் தனியாக வாசிப்பார். சந்தா பாக்கி வைத்திருப்பவர்கள் இன்றே கொடுத்துவிட்டால் அவருக்கு உதவியாக இருக்கும்.

போன வருஷம் தண்ணீர் வந்த கதை உங்களுக்குத் தெரியும். ஜூன் 12-இல் திறக்க வேண்டிய மேட்டூர் அணை ஜூலை 28-இல்தான் திறந்தது. போர்வெல் இருந்தவர்கள் குறுவை போட்டார்கள், மற்றவர்கள் சம்பாவுக்குக் காத்திருந்தார்கள். அதனால் சேற்றுழவு எல்லாம் ஒரே நேரத்தில் வந்து நெருக்கியது. அப்புறம் நவம்பர் 26, 27-இல், பின்னால் ஃபெங்கல் புயலாக மாறிய தாழ்வு மண்டலம் திருவாரூர், நாகை, மயிலாடுதுறைப் பக்கம் கொட்டித் தீர்த்தது. வண்டி எப்போது கட்டாயம் வேண்டுமோ அந்த இரண்டு சமயத்திலும் நம் சங்க ஜீப் படுத்துக்கொண்டது. அதனால் இந்த அறிக்கையில் பாதிக்கு மேல் ஜீப்பைப் பற்றித்தான் பேசப்போகிறேன். அதில் நாம் எல்லாரும் கற்றுக்கொள்ள வேண்டியது நிறைய இருக்கிறது.

நோய் இப்படித்தான் ஆரம்பித்தது. காலையில் சாவி திருப்பினால் ஒரே சுற்றில் எஞ்சின் பிடிக்கும். மன்னார்குடி போய் டீசல் கேன் ஏற்றிக்கொண்டு வயலுக்கு வந்து, இறக்கிவிட்டுத் திரும்பச் சாவி போட்டால் 'டகடகடக' என்று சத்தம் மட்டும் வரும். எஞ்சினைச் சுற்றிவிடும் செல்ஃப் மோட்டார் சுற்றாது. நான்கு பேர் தள்ளினால் உடனே ஸ்டார்ட் ஆகிவிடும். சில நாள் அரை மணி நேரம் விட்டால் தானாகவே சரியாகிவிடும். பட்டறைக்குக் கொண்டுபோனால் ஒரு தடவைகூடப் படுக்காது. வலியோடு வைத்தியரிடம் போய் உட்கார்ந்ததும் வலி நின்றுவிடுமே, அந்தக் கதைதான்.

'டகடக' என்றாலே பேட்டரி என்றுதான் நாம் எல்லாரும் சொல்வோம். நானும் அதையே சொன்னேன். பழைய பேட்டரியை அளந்தபோது 12.2 வோல்ட்தான் இருந்தது. முழுசாகச் சார்ஜ் ஏறிய பேட்டரி, வண்டி நின்று சில மணி நேரம் கழித்து 12.6-க்கு மேல் காட்ட வேண்டும். 12.2 என்றால் ஏறக்குறைய பாதிதான். சரி என்று புதுசு வாங்கிப் போட்டோம். மூன்று வாரம் ஜீப் ஒழுங்காக ஓடியது, அதற்குப் பின் பழையபடி டகடக. அடுத்து செல்ஃப் மோட்டாரைக் கழற்றி பிரஷ், புஷ் மாற்றினோம். அதற்கும் இரண்டு வாரம் நன்றாக இருந்து மறுபடி படுத்தது. பிறகு சாவி சுவிட்ச். மூன்று தடவை பணம் கட்டியும் நோய் இருந்த இடத்திலேயே இருந்தது.

இதற்கு நடுவில் ஜீப்பை ஓட்டும் தம்பி ஒரு விஷயம் சொன்னார். "அண்ணே, டகடக என்று இழுத்துப் பார்த்த பிறகு ஆக்சிலேட்டர் கேபிளைத் தொட்டால் சுடுது." எஞ்சின் சூடு என்று நான் தள்ளிவிட்டேன். அவர் மறுபடியும் வந்து, "எஞ்சின் பக்கம் மட்டும் இல்லை அண்ணே, பெடல் பக்கமும் சுடுது" என்றார். அப்போதும் நான் காது கொடுக்கவில்லை. இந்தச் சபை முன்னால் அவரிடம் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். விடை அந்தக் கேபிளில்தான் இருந்தது.

அக்டோபர் கூட்டத்தில், இனி அளக்காமல் ஒரு பாகமும் மாற்றக் கூடாது என்று முடிவு செய்தோம். ஒரு சின்ன நோட்டைக் கயிறு கட்டி டேஷ்போர்டில் தொங்கவிட்டோம். வண்டி படுக்கும் ஒவ்வொரு தடவையும் எஞ்சின் சூடா குளிரா, சேற்றில் இறங்கி வந்ததா, என்ன சத்தம், ஹெட்லைட் போட்டுச் சாவி திருப்பினால் வெளிச்சம் மங்கியதா என்று நான்கு கேள்விக்குப் பதில் எழுதவேண்டும். தம்பி ஒன்று விடாமல் எழுதினார். எல்லாப் பக்கத்திலும் சூடு, எல்லாப் பக்கத்திலும் டகடக. ஹெட்லைட் மட்டும் ஒரு தடவைகூட மங்கவே இல்லை.

அந்தக் கடைசி வரியைக் கவனியுங்கள். பேட்டரி செத்திருந்தால் சாவி திருப்பும்போது ஹெட்லைட் அழுது வடியும். அது பளிச்சென்று இருக்கிறது என்றால் பேட்டரியில் தெம்பு இருக்கிறது, அந்தத் தெம்பு செல்ஃபுக்குப் போய்ச் சேரவில்லை என்று அர்த்தம். நம் ஜீப்பில் பேட்டரியின் நெகட்டிவ், வண்டியின் இரும்புச் சட்டமான சேசிஸில் மாட்டியிருக்கிறது. ஹெட்லைட்டும் பாடியிலேயே எர்த், அதாவது கரண்ட் திரும்பும் வழி, எடுக்கிறது. செல்ஃப் மட்டும் எஞ்சின் மேல் உட்கார்ந்திருக்கிறது. எஞ்சினோ ரப்பர் மவுண்டிங்கில் நிற்கிறது, ரப்பர் வழியாகக் கரண்ட் போகாது. எஞ்சினையும் சேசிஸையும் இணைப்பது கியர்பாக்ஸ் ஓரத்தில் கண்ணுக்குத் தெரியாமல் கிடக்கும் ஒரு செம்புப் பின்னல் பட்டைதான்.

நவம்பர் மழையில் பாமணியாற்றங்கரை ஓரம் ஜீப் மறுபடி படுத்தது. நல்லவேளை, அன்று மல்டிமீட்டர் வண்டியிலேயே இருந்தது. நான் கொட்டும் மழையில் குடை பிடித்தேன், நம் மெக்கானிக் அண்ணன் அளந்தார். மீட்டரை டிசி வோல்ட்டில் வைத்து, கறுப்பு முனையைப் பேட்டரியின் நெகட்டிவ் ஈயக் குமிழிலேயே (மேலே மாட்டிய கிளாம்ப்பில் இல்லை) ஊன்றினார். சிவப்பு முனையை எஞ்சின் பிளாக்கில் சுரண்டிய இடத்தில் வைத்தார். தம்பி சாவி திருப்பினார். 0.2, 0.3-க்குள் இருக்க வேண்டிய இடத்தில் 5, 7 என்று எண்கள் துள்ளின. சிவப்பு முனையை சேசிஸுக்கு மாற்றியதும் 0.1. அப்படியானால் பேட்டரியிலிருந்து சேசிஸ் வரை வழி சுத்தம், சேசிஸிலிருந்து எஞ்சினுக்குப் போகும் வழியில்தான் அடைப்பு. வாய்க்காலில் தண்ணீர் வராவிட்டால் மதகு மதகாகப் பார்த்துக்கொண்டே போவோம் இல்லையா, அதே வேலைதான் இது.

உறுதி செய்வதற்காக, ஜம்பர் கேபிள் ஒன்றை எடுத்து ஒரு முனையைப் பேட்டரி நெகட்டிவிலும் மறு முனையை எஞ்சினிலும் கடித்தார். சாவி திருப்பியதும் எஞ்சின் பிடித்துக்கொண்டது. நான்கு மாதப் பாடு அந்த ஒரு நொடியில் முடிந்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

மறுநாள் பட்டையைக் கழற்றினோம். களிமண் காய்ந்து சிமென்ட் பூசியதுபோல் மூடியிருந்தது. தட்டி உதிர்த்தால், பின்னலில் முக்கால்வாசி இழை அறுந்து பச்சை பூத்திருந்தது. போல்ட் அடியில் பெயின்ட், பெயின்ட் அடியில் துரு. எஞ்சின் சூடாகி அசையும்போது விட்டுவிடும், ஆறியதும் மறுபடி தொட்டுக்கொள்ளும். காலையில் ஒழுங்காக இருந்து மதியம் படுத்ததற்கு இதுதான் காரணம். செல்ஃபுக்கான கரண்ட் திரும்பிப்போக வழியில்லாமல், எஞ்சினுக்கும் பெடலுக்கும் நடுவில் இருந்த மெல்லிய ஆக்சிலேட்டர் கேபிள் வழியாக ஓடியிருக்கிறது. கேபிள் சுட்டது அதனால்தான். பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் ஆல்டர்நேட்டரும் எஞ்சின் மேல்தானே இருக்கிறது, அதன் சார்ஜும் ஒழுங்காகத் திரும்பவில்லை. பழைய பேட்டரி 12.2-இல் நின்றதற்கு அதுவே காரணம், பேட்டரி மேல் குற்றம் இல்லை. பட்டறைக்குப் போய்வந்த பின் சில வாரம் சரியாக ஓடியதும் இப்போது புரிகிறது. செல்ஃபைக் கழற்றி மாட்டும்போது பட்டையும் அசைந்து ஏதோ ஓர் ஓரம் பட்டிருக்கும். விட்டு விட்டு வரும் கோளாறில், கை வைத்ததும் சரியானால் கை வைத்த பாகத்தில்தான் குறை என்று நம்பிவிடக் கூடாது.

புதுப் பட்டை போட்டோம். இரண்டு பக்கமும் உப்புத்தாள் போட்டு இரும்பு பளபளக்கும் வரை தேய்த்து, பல் வாஷர் வைத்து முறுக்கி, மேலே வாசலின் தடவினோம். பத்திரத்துக்கு இன்னொரு பட்டையும் வேறு இடத்தில் போட்டிருக்கிறோம். இப்போது அதே இடத்தில் அளந்தால் 0.1. அதன் பிறகு மார்ச் வரை ஒரு நாளும் தள்ளவில்லை.

மீட்டரை ஓமில் வைத்துப் பட்டையின் தடையைப் பார்த்திருக்கலாமே என்று ஓர் உறுப்பினர் கேட்டார். பார்த்தோம், பட்டறையில் சுழி காட்டியது. ஆயிரம் இழையில் ஒன்று தொட்டாலும் மீட்டருக்குச் சுழிதான். செல்ஃப் இழுப்பதோ 200 ஆம்பியர் அளவில். வழியில் 0.01 ஓம் தடை இருந்தால் போதும், 2 வோல்ட் அங்கேயே விழுந்துவிடும். அதனால் கனமான வயரைக் கரண்ட் ஓடும்போதுதான் சோதிக்க வேண்டும்.

ஜனவரியில், அறுவடை நெருக்குவதற்கு முன்னால், களத்தில் ஒரு நாள் எல்லா வண்டிகளையும் நிறுத்தி அளந்தோம். எதிர்பார்த்ததைவிட நிறையக் கிடைத்தது. பல டிராக்டர்களில் பேட்டரி டெர்மினலில் வெள்ளையும் பச்சையுமாய்ப் பூத்திருந்தது. சோடா உப்புக் கரைத்த வெந்நீர் ஊற்றித் தேய்த்தோம். ஓர் அறுவடை மெஷினில் எலி வயரைக் கொறித்து, சிவப்பும் மஞ்சளும் அம்மணமாய் ஒட்டிக் கிடந்தன. நெல் சிதறும் இடத்தில் எலி வராமல் இருக்காது, சீசன் முடிந்து நிறுத்தும்போதே வயரிங்கைப் பார்த்து வையுங்கள். இரண்டு வண்டியில் எஞ்சின் ஓடும்போது 13 வோல்ட்டைத் தாண்டவில்லை. 13.8-இலிருந்து 14.4 வரை வர வேண்டும். ஒன்றில் பெல்ட் தளர்ச்சி, மற்றதில் ஆல்டர்நேட்டர் கோளாறு.

இனி சொல்வது முக்கியம். செல்ஃப் எடுக்காவிட்டால் ஸ்க்ரூடிரைவரைச் செல்ஃபின் இரண்டு முனையில் வைத்துத் தீப்பொறி பறக்க ஸ்டார்ட் செய்யும் பழக்கம் நம்மில் பலருக்கு இருக்கிறது. சேற்றுழவு சமயத்தில் நம் உறுப்பினர் ஒருவர் அப்படிச் செய்தார். டிராக்டர் கியரில் நின்றிருந்தது. எஞ்சின் பிடித்ததும், சேற்றுழவுக்கு மாட்டும் இரும்புக் கேஜ் வீல் சுழன்று அவரை நோக்கி வந்தது. வரப்பு பக்கத்தில் இருந்ததால் தாவித் தப்பினார், காலில் காயத்தோடு போயிற்று. கிளட்ச் மிதித்தால், அல்லது கியர் நியூட்ரலில் இருந்தால்தான் செல்ஃப் எடுக்கும்படி ஒரு சுவிட்ச் வைத்திருக்கிறார்களே, அது இந்த ஆபத்துக்காகத்தான். அன்று அந்த டிராக்டரில் கெட்டிருந்ததும் சேறு புகுந்த அந்தச் சுவிட்ச்தான். அதைச் சுத்தம் செய்யப் பத்து நிமிஷம் போதும். சங்க உறுப்பினர் யாரும் இனி ஸ்க்ரூடிரைவர் வைப்பதில்லை என்று செயற்குழு தீர்மானம் போட்டிருக்கிறது. கையெழுத்துத் தாள் வாசலில் இருக்கிறது. தயவுசெய்து போட்டுவிட்டுப் போங்கள். வீட்டில் பிள்ளைகள் இருக்கிறார்கள்.

வருகிற ஆண்டுக்குச் செயற்குழு கேட்பவை: சங்கத்துக்கு ஒரு நல்ல மல்டிமீட்டர், பேட்டரித் தண்ணீரின் அடர்த்தி பார்க்கும் ஹைட்ரோமீட்டர், ஒரு ஜோடி கனமான ஜம்பர் கேபிள். அறுவடை மெஷின் வைத்திருப்பவர்கள் தனியாக, வயரைக் கவ்விக் கரண்ட் அளக்கும் கிளாம்ப் மீட்டர் ஒன்றும் கேட்கிறார்கள். நிதி இருந்தால் வாங்கலாம், பொருளாளர் சொல்லட்டும். மேட்டூர் திறப்பதற்கு முன்னால், மே மாதத்திலேயே, இன்னொரு தடவை களத்தில் வண்டிகளை நிறுத்தி அளக்க வேண்டும். அந்த நாளை ஜீப் ஓட்டும் தம்பியே முன்நின்று நடத்த வேண்டும் என்று முன்மொழிகிறேன். பேட்டரியைக் கழற்றும்போது முதலில் நெகட்டிவ், மாட்டும்போது கடைசியில் நெகட்டிவ் என்பதை அன்றைக்குப் புதியவர்களுக்கு அவர் செய்தே காட்டுவார்.

கழற்றிய பழைய பட்டையையும் அந்த நோட்டையும் மேசை மேல் வைத்திருக்கிறேன். கையில் எடுத்துப் பாருங்கள். இந்த அறிக்கையைச் சபை ஏற்று நிறைவேற்றித் தருமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
செயலாளர்