பதிவேடும் பாக்கிச் சந்தாவும்: கால்பந்து ரசிகர் மன்றச் செயலாளரின் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழு உறுப்பினர்களே, வந்திருக்கும் அன்பர்களே! வராதவர்களுக்கும் சேர்த்துத்தான் எழுதியிருக்கிறேன். பார்த்தால் சொல்லிவிடுங்கள்.

இந்த ஆண்டு செயற்குழு ஆறு முறை கூட்டப்பட்டது. இரண்டு முறை போதிய ஆள் இல்லாமல் கலைந்தது. பருவத் தொடக்க விழா நடந்தது. வெளியூர் ஆட்டத்துக்கு ஒருமுறை வேன் போனது. புதிய பேனர் தைத்தோம். பழையது யார் வீட்டில் இருக்கிறது என்று இன்னும் தெரியவில்லை.

இனி பதிவேட்டுக்கு வருகிறேன்.

சென்ற பொதுக்குழுவில் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஒரே பேச்சுதான். லீக் நம்மை ஒதுக்குகிறது, டிவியில் காட்டுவதில்லை, நிருபர்கள் எட்டிப் பார்ப்பதில்லை, நடுவர்கள் பெரிய அணிகளின் பக்கம். "புலம்பினால் போதுமா, எழுதி வைப்போம்" என்று சொன்னவன் நான். கைதட்டினீர்கள். வாராவாரம் முறை வைத்துக் குறிப்பெடுக்க ஒன்பது பேர் பெயர் கொடுத்தீர்கள். நாலாவது வாரம் நானும் தலைவரும் மட்டும் மிஞ்சினோம். தலைவருக்குக் கண் ஆபரேஷன் ஆனபிறகு நான் மட்டும்.

ஒரே ஒரு பக்கம் வாசிக்கிறேன். புள்ளிப்பட்டியலில் முதலிடத்தில் இருந்த அணியை நாம் ஜெயித்த நாள். ஹைலைட்ஸில் நம் ஆட்டம் கடைசி. நம் கோல் ஒரே கோணத்தில், ஒரே தடவை. அவர்களுடைய பயிற்சியாளர் தலையில் கைவைத்து உட்கார்ந்தது மூன்று தடவை. ஸ்டுடியோவில் பேசிய இருவரும் 'இவர்களுக்கு என்ன ஆச்சு?' என்பதிலேயே நேரத்தை முடித்துவிட்டார்கள். மறுநாள் தலைப்பு, 'அதிர்ச்சித் தோல்வி'. தோற்றவர்களுக்குத் தலைப்பு, ஜெயித்த நமக்கு மூன்றாவது பத்தி. அதிலும் கோல் போட்ட பையன் பெயரில் எழுத்துப் பிழை. அந்தப் பக்கத்தில் சிவப்பு மையில் அடிக்கோடு போட்டதில் தாள் கிழிந்திருக்கிறது, மன்னிக்கவும்.

சரி, மொத்தமாகக் கூட்டிப் பார்த்ததில் என்ன தெரிந்தது? நேரலை, ஆட்டத்துக்கு ஒதுக்கும் நேரம், ஹைலைட்ஸ் வரிசை மூன்றிலும் நம் புகார் உண்மை. ஆனால் நமக்குக் கிடைத்த பெனால்டி, நமக்கு எதிராகக் கொடுத்தது, இரு பக்கமும் நடுவர் விட்டது எல்லாவற்றையும் எழுதினேன். கிட்டத்தட்ட சமமாக வந்தது. இதைச் செயற்குழுவில் சொன்னதற்கு, "நீ யார் பக்கம்?" என்று கேட்டார்கள்.

மூத்த உறுப்பினர் ஒருவர் இத்தாலியை இழுத்தார். 1984-85 பருவத்தில் அங்கே நடுவர்களைக் குலுக்கல் போட்டு ஆட்டங்களுக்கு அனுப்பினார்கள். அந்த ஆண்டு பட்டம் சின்ன அணியான வெரோனாவுக்கு, அதுதான் அவர்கள் இன்றுவரை வென்ற ஒரே லீக் பட்டம். விவரம் சரிதான். அந்த வெரோனா 30 ஆட்டங்களில் இரண்டில்தான் தோற்றது. நாம் அதை முதல் மாதத்திலேயே தாண்டிவிட்டோம் என்று சொன்னேன். அண்ணன் இன்றுவரை என்னோடு பேசுவதில்லை.

விஷயம் நடுவரிடம் இல்லை, பணத்தில் இருக்கிறது. இங்கிலாந்தின் பிரீமியர் லீக்கையே பாருங்கள். உள்நாட்டு ஒளிபரப்புப் பணத்தில் 50 சதவீதம் எல்லோருக்கும் சமம், 25 சதவீதம் பட்டியலில் பிடித்த இடத்துக்கு, மீதி 25 எத்தனை ஆட்டம் நேரலையில் வந்தது என்பதற்கு. காட்டாத அணிக்குக் காசும் குறைவு. காசு குறைந்தால் நல்ல ஆட்டக்காரன் வரமாட்டான். அவன் வராவிட்டால் யார் காட்டுவார்கள்? ஸ்பெயினில் இதைவிட மோசமாக இருந்தது. 2015-ல் சட்டம் வரும்வரை ஒவ்வொரு கிளப்பும் ஒளிபரப்பு உரிமையைத் தனித்தனியே விற்றது. ரியல் மாட்ரிட்டும் பார்சிலோனாவும் அள்ளிக்கொண்டு போயின. நம்மை யாரும் வெறுக்கவில்லை. வெறுத்திருந்தாலாவது ஒரு மரியாதை.

கூட்டிய கணக்கோடு லீக் அலுவலகத்துக்குக் கடிதம் எழுதினேன். கையெழுத்து வாங்க மூன்று வாரம் அலைந்தேன், பதினொன்று கிடைத்தது. ஓர் அணிக்குப் போதும், மன்றத்துக்குப் போதாது. 'கடிதம் கிடைத்தது' என்று ஒரு வரியில் பதில் வந்தது. கோப்பில் வைத்திருக்கிறேன்.

வரவு செலவு ஏறத்தாழ சரிக்குச் சரி. கையில் கொஞ்சம் மிச்சம், வேன் பாக்கியைக் கழிக்காமல். விவரம் வேண்டுபவர்கள் பொருளாளரைப் பார்க்கலாம். அவர் இன்று வர இயலவில்லை.

சந்தாவில் பாதிக்கு மேல் நிலுவை. பெயர் வாசிக்கமாட்டேன், பட்டியல் வாசல் மேஜையில் இருக்கிறது. ஓர் உறுப்பினர், "முதலில் அணி ஜெயிக்கட்டும், அப்புறம் கட்டுகிறேன்" என்றார். டிவிக்காரர்களும் இதையேதான் சொல்கிறார்கள் என்று அவரிடம் சொன்னேன். சிரித்தார். கட்டவில்லை.

தலைவருக்கும், செயற்குழுவுக்கும், பேனர் தைத்துக்கொடுத்தவருக்கும், கூட்டத்துக்கு இடம் தந்தவர்களுக்கும் மன்றத்தின் நன்றி.

அடுத்த பருவத்துக்கான பதிவேடு வாங்கியாயிற்று, என் கைக்காசில். வாரம் ஒருவர் போதும், எழுதத் தெரிந்தால் சரி. எனக்கும் வயதாகிறது, இளைஞர் யாராவது இந்தப் பொறுப்பை ஏற்க முன்வந்தால் மகிழ்ச்சியோடு ஒப்படைப்பேன். சென்ற ஆண்டும் இதைச் சொன்னேன். அலமாரிச் சாவி என்னிடமே இருக்கிறது.

இப்படிக்கு,
செயலாளர்