பத்தும் பெட்டையாக இருக்காது

அன்பு மகளுக்கு,

நீ அனுப்பிய படங்களை அம்மாவும் நானும் பெரிதாக்கிப் பார்த்தோம். மூன்று வாரக் குஞ்சுகள், அதுவும் நாட்டுக்கோழி. எது சேவல், எது பெட்டை என்று இப்போதே என்னால் சொல்ல முடியாது. காலமெல்லாம் கால்நடைத் துறையில் இருந்தவருக்கு இதுகூடத் தெரியாதா என்று மாப்பிள்ளை சிரிப்பார், சிரிக்கட்டும். பத்தும் பெட்டை என்று அடித்துச் சொல்லி விற்றாரே, அவருக்கும் தெரியாது. பாதி சேவல் என்றே கணக்கு வைத்துக்கொள்.

முட்டைக்கோழிக் குஞ்சுகளை மட்டும் முதல் நாளே பிரிக்கிறார்களே என்று கேட்பாய். சில இனங்களை அதற்காகவே கலந்து உருவாக்கியிருக்கிறார்கள். இறக்கையை விரித்தால் பெட்டைக்கு ஒரு வரிசை இறகு நீண்டும் மேல்வரிசை குட்டையாகவும் இருக்கும். சேவலுக்கு இரண்டும் ஏறக்குறைய சமம். நாட்டுக்கோழியில் இது செல்லாது. இன்னொன்று ஜப்பான்காரர்கள் 1920களில் கண்டுபிடித்த முறை: குஞ்சின் எச்சத்துவாரத்தை மெல்லப் பிதுக்கி, உள்ளே சேவலுக்குரிய குண்டூசித் தலையளவு புடைப்பு இருக்கிறதா என்று பார்ப்பது. பழகாத கை அழுத்தினால் குஞ்சு செத்துப்போகும். வீடியோ பார்த்துவிட்டு அதில் இறங்காதே. அப்படி ஒதுக்கிய சேவல் குஞ்சுகளைத்தான் பெரும்பாலும் பச்சை, ரோஸ் சாயம் தோய்த்துத் திருவிழாக்களில் விற்றார்கள். சின்ன வயதில் அழுது அடம்பிடித்து வாங்கி, முட்டையிடும் முட்டையிடும் என்று நீ காத்திருந்தாயே, அதே குஞ்சுகள்!

கூர்முட்டை சேவல், உருண்டை முட்டை பெட்டை என்று எழுதச் சொல்லி அம்மா பக்கத்தில் நிற்கிறாள். எழுதிவிட்டேன், நீ நம்ப வேண்டாம். ஓடு மூடுவதற்கு முன்பே அது முடிவாகிவிடுகிறது. மனிதரில் தகப்பனின் அணு தீர்மானிப்பதைக் கோழியில் தாய்க்கோழி தீர்மானிக்கிறது. இதைச் சொன்னதும் அம்மாவுக்கு முகம் மலர்ந்துவிட்டது.

எட்டாவது வாரம் வெள்ளைக்கழிச்சலுக்கு ஊசி போட வேண்டும். எப்படியும் ஒவ்வொன்றாகக் கையில் பிடிப்பாய், அப்போது கொண்டையைப் பார். ஒரே ஈட்டுக் குஞ்சுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துத்தான் ஒப்பிட வேண்டும். சேவலுக்குக் கொண்டை பருத்துச் சிவந்து, தாடியும் இறங்கத் தொடங்கியிருக்கும். பெட்டைக்கு வெளிறித் தட்டையாக இருக்கும். ஆனால் அந்தக் கறுப்புக் குஞ்சுகள் இரண்டும் பெருவிடை என்னும் சண்டைக்கோழி இனத்தின் கலப்பு போலத் தெரிகின்றன. அவற்றுக்குக் கொண்டையே சிறியது, அதை வைத்து முடிவு கட்டினால் ஏமாந்துபோவாய். கால் தடிமன் ஓரளவு துப்புக் கொடுக்கும், அவ்வளவுதான்.

நான் நம்புவது இறகைத்தான். மூன்று மாதம் நெருங்கும்போது கழுத்திலும், வாலுக்கு முன்னால் முதுகிலும் புது இறகு முளைக்கும். சேவலுக்கு அது ஒடுங்கி, நுனி கூர்ந்து, எண்ணெய் தடவியதுபோல் மின்னும். பெட்டைக்கு நுனி வட்டமாக, மங்கலாக இருக்கும். வால் வளைவதற்கும் கூவுவதற்கும் முன்பே இது காட்டிக்கொடுத்துவிடும். நெஞ்சை நிமிர்த்திச் சண்டைக்கு நிற்பதை வைத்துச் சொல்லாதே, பெட்டைக் குஞ்சும் நிற்கும். கால் முள்ளும் இந்த வயதில் உதவாது.

பாப்பா 'ராணி' என்று பெயர் வைத்திருக்கும் செங்குஞ்சின் கொண்டையில்தான் எனக்கு இப்போதே சந்தேகம். அவளிடம் சொல்லிவிடாதே.

சாப்பாட்டு முட்டைக்குச் சேவலே வேண்டியதில்லை. அடைவைக்க ஆசை இருந்தால் பத்துப் பெட்டைக்கு ஒரு சேவல் போதும். விடிவதற்கு முன்பே நாலைந்து சேவல்கள் கூவினால் உங்கள் தெருவில் சண்டை வரும். பொங்கலுக்கு வரும்போது மிச்சச் சேவல்களைக் கூடையில் போட்டுக் கொண்டுவந்துவிடு. ஆத்தா வளர்ப்பாள் என்று பாப்பாவிடம் சொல். மாப்பிள்ளையிடம் நான் பேசிக்கொள்கிறேன். அவருக்கு மிளகு வறுவல் பிடிக்கும்.

அன்புடன்,
அப்பா