கட்டில் பக்கத்தில் ஒரு வகுப்பு

ஆசிரியருக்கு,

ராமநாதபுரத்தில் அரசு மருத்துவக் கல்லூரி 2022-ல் திறக்கப்பட்டபோது கட்டடத்தைப் பற்றியும் எத்தனை இடங்கள் என்பதைப் பற்றியும்தான் ஊரே பேசியது. சொல்லித்தரப் போகும் பொது மருத்துவப் பேராசிரியர்களைப் பற்றிப் பேச்சே இல்லை. கல்லூரி என்பதே அவர்கள்தானே!

பாம்பன் பக்கம் கடல்பாசி எடுக்கும் பெண்களின் கைகளைப் பாருங்கள். விரல்களில் துணி சுற்றிக்கொண்டுதான் முங்குகிறார்கள். அப்படியும் பாறை கீறிவிடும். கடல்நீர் பட்ட கீறலில் சில விப்ரியோ வகைக் கிருமிகள் புகுந்தால், கல்லீரல் கெட்டவருக்கு ஓரிரு நாளில் உயிருக்கே ஆபத்தாகலாம். காலில் வீக்கம், காய்ச்சல் என்று வருபவரிடம், "என்ன வேலை பார்க்கிறீங்க, கடல்ல இறங்குனீங்களா, குடிப்பழக்கம் உண்டா?" என்று கேட்கும் பழக்கத்தைக் கட்டில் பக்கத்தில் நிற்கும் ஆசிரியர்தான் மாணவருக்குப் பழக்க முடியும். ஸ்கேன் எல்லாம் அப்புறம்.

ஒவ்வொரு மாணவரும் சில கிராமக் குடும்பங்களின் உடல்நலத்தைத் தொடர்ந்து கவனிக்கும் தேசிய மருத்துவ ஆணையத்தின் குடும்பத் தத்தெடுப்புத் திட்டப்படி எம்.பி.பி.எஸ். மாணவர்கள் எப்படியும் கிராமங்களுக்குப் போக வேண்டும். அதில் தங்கச்சிமடம், ஏர்வாடி, மூக்கையூர் போன்ற கடலோர ஊர்களுக்கு முன்னுரிமை கொடுத்து, பொது மருத்துவப் பேராசிரியர் ஒருவரையும் கூடவே அனுப்பலாம். பணி ஓய்வு பெற்ற பேராசிரியர்களைச் சனிக்கிழமைகளில் வார்டு வகுப்புக்கு அழைக்கலாம். பெரிய சம்பளம் என்று யாரும் கேட்கப் போவதில்லை. சரியான பயணப்படியும் தங்க ஓர் அறையும் கொடுத்தால், மதுரையிலிருந்து வந்து போக ஆள் கிடைக்கும்.

– ஒரு வாசகர், தங்கச்சிமடம்