ரிப்போர்ட் வருவதற்கு முன்பே பாதி வேலை

ஆசிரியருக்கு வணக்கம்.

பரம்பரை நோய்கள் பற்றிக் குடும்பங்களுக்கு விளக்கி வழிகாட்டும் மரபணு ஆலோசகராகப் புதிதாகச் சேருபவரை, ஆய்வகம் அனுப்பிய மரபணுச் சோதனை ரிப்போர்ட்டைக் குடும்பத்தாருக்குப் படித்துச் சொல்லும் ஆளாக உட்காரவைப்பது தவறு. இத்துறையில் இருக்கும் நாங்கள் இதை அழுத்தமாகவே சொல்கிறோம். ரிப்போர்ட் வருவதற்கு முன்பே பாதி வேலை முடிந்திருக்க வேண்டும்.

முதலில் வம்சாவளிப் படம்; குறைந்தது 3 தலைமுறை. ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம், நோயுள்ளவர் என்றால் உள்ளே நிரப்ப வேண்டும், சொந்தத்தில் திருமணம் என்றால் இரட்டைக்கோடு. படம் போட ஒரே நாளில் பழகிவிடலாம். கேட்பதற்குத்தான் பயிற்சி வேண்டும். “குடும்பத்தில் பரம்பரை நோய் உண்டா?” என்றால் “இல்லை” என்றுதான் பதில் வரும். “அம்மாவுடன் பிறந்தவர்கள் எத்தனை பேர்? ஒவ்வொருவரும் எப்படி இருக்கிறார்கள்? சின்ன வயதில் யாராவது தவறிப்போனார்களா? கரு கலைந்ததுண்டா?” என்று ஒருவர் விடாமல் கேட்டால்தான், தாய்மாமா பத்து வயதிலேயே நடக்க முடியாமல் போன விஷயம் வெளியே வரும். அது டூஷென் தசைச் சிதைவு நோயாக இருக்கலாம். எக்ஸ் குரோமோசோம் வழியாக அம்மாவிடமிருந்து மகனுக்கு வருவது. எந்த மரபணுவைப் பார்ப்பது, யாரிடம் ரத்தம் எடுப்பது என்பதே அந்த ஒரு பதிலால் மாறிவிடும்.

கூடுமானவரை நோயுள்ளவரையே முதலில் சோதிக்க வேண்டும். அந்தக் குடும்பத்தில் ஓடும் மரபணு மாற்றம் எதுவென்று தெரியாமல் நலமாக இருப்பவரைச் சோதித்து “ஒன்றுமில்லை” என்று வந்தால், அதை நம்பி ஆறுதல் சொல்ல முடியாது.

அடுத்த சறுக்கல் கணக்கில். ஒடுங்கு மரபணுக் கோளாறு என்பது தாய், தந்தை இருவரிடமிருந்தும் வந்தால் மட்டுமே நோயாவது; ஒருவரிடமிருந்து மட்டும் வந்தால் நோயில்லாமல் அதைச் சுமப்பவர். தாய், தந்தை இருவரும் ஒரே ஒடுங்கு மரபணுக் கோளாறைச் சுமப்பவர்கள் என்றால் குழந்தைக்கு நோய் வர நாலில் ஒரு வாய்ப்பு. இதோடு நிறுத்தினால், “ஒரு குழந்தைக்கு வந்துவிட்டது, இனி மூன்றுக்கு வராது” என்று பெற்றோர் எடுத்துக்கொள்வார்கள். ஒவ்வொரு கர்ப்பத்திலும் அதே நாலில் ஒன்று என்பதைச் சொல்லி, அவர்கள் வாயாலேயே திருப்பிச் சொல்லக் கேட்க வேண்டும். நோயில்லாத அக்காவோ தம்பியோ அந்த மரபணுவைச் சுமக்கும் வாய்ப்பு பாதி அல்ல, மூன்றில் இரண்டு: நாலில் நோயுள்ள பங்கு கழிந்துவிட்டது, மிஞ்சிய மூன்றில் இரண்டு சுமப்பவை. புதியவர்கள் அடிக்கடி தவறுவது இங்கேதான்.

‘விளைவு உறுதியாகாத மாற்றம்’, அதாவது நோயைத் தருமா தராதா என்று இன்னும் தெரியாத மரபணு மாற்றம், என்று ரிப்போர்ட்டில் வருவதை நோய்க்குக் காரணமாகச் சொல்லிவிடக் கூடாது; அதை மட்டும் வைத்து அறுவைச் சிகிச்சையோ கருக்கலைப்போ முடிவு செய்யவும் கூடாது. இப்படியும் வரலாம் என்று ரத்தம் எடுப்பதற்கு முன்பே சொல்லியிருந்தால், அன்றைக்கு அந்தக் குடும்பம் இடிந்துபோகாது. கர்ப்பிணியின் ரத்தத்தில் செய்யும் டி.என்.ஏ. சோதனையும் வாய்ப்பைக் காட்டும் முதற்கட்டச் சோதனைதான் (ஸ்கிரீனிங்); முடிவானதல்ல. அதில் குழந்தையுடையவை என்று பார்க்கும் டி.என்.ஏ. துணுக்குகள் பெரும்பாலும் நஞ்சுக்கொடியிலிருந்து வருபவை. நஞ்சுக்கொடியில் கோளாறு இருந்து குழந்தையிடம் இல்லாமலும் போகலாம். 15 வாரத்துக்குப் பிறகு பனிக்குட நீர் எடுத்துப் பார்த்து உறுதிசெய்யும் வழி இருப்பதை அதே அமர்வில் சொல்லிவிட வேண்டும்.

எனவே வேலைக்கு எடுப்பவர்களிடம் எங்கள் கோரிக்கை: முதல் ஆண்டில் புதியவர் போடும் ஒவ்வொரு வம்சாவளிப் படத்தையும், குடும்பத்துக்கு எழுதும் ஒவ்வொரு விளக்கக் கடிதத்தையும் அனுபவமுள்ள ஆலோசகர் ஒருவர் பார்த்துத் திருத்தட்டும். அதற்கான நேரத்தை வேலை நேரத்திலேயே ஒதுக்குங்கள்.

இப்படிக்கு,
மரபணு ஆலோசகர்கள் சிலர்